குமரகுருபரன் – விஷ்ணுபுரம் இலக்கிய விருது

குமரகுருபரன் – விஷ்ணுபுரம் இலக்கிய விருது என்பது தமிழில் புதிதாகக் கவனம் பெறும் கவிஞர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருது ஆகும். மறைந்த கவிஞர் குமரகுருபரன் நினைவாக, விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2017 ஆம் ஆண்டு முதல் இதனை வழங்கி வருகின்றது.

பின்னணி

குமரகுருபரன் இதழாளராகப் பணியாற்றியவர். இவரது 'ஞானம் நுரைக்கும் போத்தல்' என்னும் தொகுப்பு, கனடா தமிழ் இலக்கியத் தோட்டத்தின் 2015 ஆம் ஆண்டுக்கான கவிதை விருதைப் பெற்றது. வாசகர்கள் இவரைப் பரவலாக அறியத் தொடங்கியிருந்த வேளையில், 2016 சூன் மாதம் இவர் காலமானார்.

விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம், எழுத்தாளர் ஜெயமோகனின் வாசகர்கள் இணைந்து உருவாக்கிய அமைப்பு. இதன் பெயர் அவருடைய 'விஷ்ணுபுரம்' நாவலிலிருந்து பெறப்பட்டது. மூத்த படைப்பாளிகளுக்கான விஷ்ணுபுரம் விருதை இவ்வமைப்பு 2010 முதல் வழங்குகின்றது. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களால் அறியப்படும் சிவகாசி – கோவில்பட்டி வட்டாரம் அவ்விருதில் இருமுறை இடம்பெற்றுள்ளது. 2011 இல் பெற்ற பூமணி, சிவகாசிக் கலவரத்தைத் தம் 'அஞ்ஞாடி' நாவலில் விரிவாக எழுதியவர். 2015 இல் பெற்ற கவிஞர் தேவதச்சன், கோவில்பட்டியில் நகைக்கடை நடத்தியபடியே எழுதி வந்தவர். ஆயினும் மூத்தோர் விருது ஒருவரின் வாழ்நாள் பணிக்கு உரியது. ஓரிரு தொகுப்புகள் மட்டும் வெளியிட்ட கவிஞருக்கு அதில் இடமில்லை. அக்குறையைக் குமரகுருபரன் விருது நிரப்புகின்றது.

விருது பெற்றோர்

முதல் விருதைப் பெற்ற சபரிநாதன், 'களம் காலம் ஆட்டம்', 'வால்' ஆகிய தொகுப்புகளின் ஆசிரியர். சுவீடியக் கவிஞர் டிரான்ஸ்ட்ரோமரின் கவிதைகளையும் தமிழாக்கம் செய்துள்ளார். 'வால்' தொகுப்புக்கு சாகித்திய அகாதமியின் யுவ புரஸ்கார் 2019 இல்தான் கிடைத்தது. அரசு சார்ந்த அமைப்புக்கு ஈராண்டு முன்னரே வாசகர் அமைப்பொன்று இவரை இனங்கண்டது குறிப்பிடத்தக்கது.

2018 இல் விருது பெற்ற கண்டராதித்தன், 'சீதமண்டலம்' முதலிய தொகுப்புகளை முன்னரே வெளியிட்டிருந்தவர். யுவ புரஸ்காருக்கு 35 வயது என்னும் வரம்பு உண்டு. அவ்வரம்பு இங்கும் இருந்திருந்தால் இவர் விடுபட்டிருப்பார். இவரது 'திருச்சாழல்' தொகுப்பின் தலைப்பு, திருவாசகத்தின் ஒரு பகுதியின் பெயர் ஆகும்.

அடுத்து வந்தோருள் பலர் முதல் தொகுப்பிலேயே கவனம் பெற்றவர்கள். 2019 இல் ச. துரை ('மத்தி'), 2020 இல் மருத்துவரான வேணு வேட்ராயன் ('அலகில் அலகு'), 2021 இல் மதார் ('வெயில் பறந்தது'), 2022 இல் ஆனந்த் குமார் ('டிப் டிப் டிப்'), 2023 இல் சதீஷ்குமார் சீனிவாசன் ('உன்னைக் கைவிடவே விரும்புகிறேன்') ஆகியோர் இவ்விருதைப் பெற்றனர்.

தேர்வு

அமைப்பின் நண்பர்கள் தரும் நன்கொடையே விருதுக்கான நிதி ஆகும். ஜெயமோகனின் வாசகர்களால் ஆன அமைப்பு என்பதால், அவருடைய அழகியல் பார்வையின் சாயல் தேர்விலும் இருப்பது இயல்பே. 2017 முதல் 2023 வரை விருது பெற்ற எழுவரும் ஆண்கள் என்பதையும் இங்குச் சுட்ட வேண்டும். சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி, அனார் எனப் பெண்களின் கவிதைகள் பெரிதும் பேசப்பட்ட காலத்திற்குப் பின்னர் தோன்றிய விருது இது.