பெங்களூரு ரங்க சங்கரா: சிற்றரங்கும் நாடகம் காணும் வழக்கமும்

முன்னுரை

இந்திய நாடக வரலாறு பெரும்பாலும் ஆசிரியர், நடிகர், குழு ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நாடகம் நிகழும் அரங்கும் அதில் அமர்ந்து காண்போரும் அவ்வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. பெங்களூருவின் தென்பகுதியான ஜெ.பி. நகரிலுள்ள ரங்க சங்கராவைச் சான்றாகக் கொண்டு, அரங்கின் அளவும் விதிகளும் நாடகம் காணும் வழக்கத்தை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்புலம்

கன்னடத் தொழில்முறை நாடகத்தின் முதன்மை அடையாளமான குப்பி நாடகக் குழு 1884இல் தோன்றியது. அத்தகைய குழுக்கள் ஊர்தோறும் கொட்டகை அமைத்துப் பல நாள் தங்கி நடித்தன. நாடகமே மக்களைத் தேடிச் சென்றது. பின்னர், தாகூர் நூற்றாண்டு நினைவாக எழுந்த ரவீந்திர கலாக்ஷேத்ரா 1963இல் திறக்கப்பட்டது. நவீன நாடகக் குழுக்களுக்கு அது தாயகமாக விளங்கினும், இசை, நடனம், பொதுக்கூட்டம் ஆகியவற்றோடு நாடகமும் அங்கு இடத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

தோற்றம்

ஆர்.கே. நாராயணின் கதைகளை 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சித் தொடராக இயக்கிய சங்கர் நாக், அடிப்படையில் நாடகக் கலைஞர். 1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே அருகே நேர்ந்த சாலை விபத்தில் தம் 35ஆம் அகவையில் அவர் மறைந்தார். அவர்தம் மனைவியும் நடிகையுமான அருந்ததி நாக், சங்கேத் அறக்கட்டளை வழியாக, அரசு வழங்கிய நிலத்திலும் பலரின் நன்கொடையிலும் இவ்வரங்கை எழுப்பி 2004 அக்டோபரில் திறந்தார். தனிமனித இழப்பொன்று 14 ஆண்டுகளில் பொது நிறுவனமாக மாறியது எனலாம்.

அமைப்பும் விதிகளும்

சுவீடன் நாடகாசிரியர் ஸ்டிரிண்ட்பெர்க் 1907இல் ஸ்டாக்ஹோமில் 161 இருக்கைகளுடன் தொடங்கிய 'அணுக்க அரங்கு', நடிகரின் மெல்லிய குரலும் கேட்க வேண்டும் என்னும் கொள்கையுடையது. 1978இல் திறக்கப்பட்ட மும்பை பிருத்வி அரங்கும் இம்மரபினது; ரங்க சங்கராவுக்கு அதுவே அண்மை முன்மாதிரி. ஏறத்தாழ 300 இருக்கைகளே கொண்ட இங்கு, மேடை பார்வையாளரிடையே முன்னீண்டுள்ளது. நடிகரின் இமையசைவும் கடைசி வரிசைக்குப் புலனாகும். பார்வையாளரின் சலிப்பும் நடிகருக்குப் புலனாகும்.

கிரிஷ் கர்னாடின் 'ஒடகலு பிம்ப' நாடகம் 2005இல் இங்கு நிகழ்ந்தமை இவ்விடத்தில் நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் புதினம் எழுதிப் புகழ்பெற்ற கன்னட எழுத்தாளர் ஒருத்தி, தொலைக்காட்சித் திரையில் தோன்றும் தன் உருவத்தோடேயே வாதிடுவது அதன் கரு. ஒரே நடிகையின் முகத்தை நம்பி நிற்கும் இத்தகைய நாடகத்திற்குச் சிற்றரங்கின் அணுக்கம் இன்றியமையாதது.

'நாளொரு நாடகம்' என்பது அரங்கின் கொள்கை. நாடகம் தொடங்கியபின் எவருக்கும் நுழைவில்லை என்பது அதன் விதி. முன்னது நாடகத்தை விழாநாள் நிகழ்விலிருந்து அன்றாட வாழ்வுக்குக் கொணர்கிறது. பின்னது, பதவியும் செல்வமும் காலத்தாழ்வுக்குச் சலுகையாகா என்று உணர்த்துகிறது. முதல் வரிசை பெரியமனிதருக்காகக் காத்திருக்கும் பழக்கத்திற்கு இது நேர்மாறானது.

தமிழ்ச் சூழல்

பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நிறுவிய சுகுண விலாச சபை தமிழிலும் பயில்முறை நாடகத்திற்கு மதிப்பைத் தந்தது. பின்வந்த சென்னைச் சபாக்களில், உறுப்பினருக்கான பல கலைநிகழ்ச்சிகளுள் ஒன்றாக நாடகம் அமைந்தது. ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை 1977 முதல் நடிகரை உருவாக்குவதில் கருத்தூன்றியது. ஆசிரியரும் நடிகரும் தமிழுக்குக் குறைவில்லை. நாள்தோறும் நாடகத்திற்கெனவே கதவு திறக்கும் அரங்கே பார்வையாளரையும் உருவாக்கும் என்பது ரங்க சங்கரா தரும் பாடமாகும்.

முடிவுரை

நாடகப்பனுவல் நூலகத்தில் வாழும். நாடகம் பார்வையாளரின் நினைவில் மட்டுமே வாழும். அந்நினைவு தலைமுறைகளுக்குத் தொடர நிலையான இடமும் தவறாத காலமும் வேண்டும். ஆதலின், அரங்குகளின் வரலாற்றையும் பார்வையாளர் வழக்கங்களையும் தொகுப்பது தமிழ் நாடக ஆய்வின் உடனடிக் கடமையாகும்.