மாற்றுச் சிறுநீரகத்தில் நிணநீர்ச் செல்: நிராகரிப்பா, புற்றா?

உறுப்புக்கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. சில நாட்களுக்குள் முதல் மரியாதை தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூருக்கு வந்து சேர்ந்தது. கொடுத்தவரைப் பற்றி நிறையப் பேசினோம்; பேச வேண்டியதுதான். கொடுத்த சிறுநீரகம் பெற்றவர் உடம்பில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதை அந்த அளவுக்குப் பேசவில்லை. அதில் நோயியல் மருத்துவரின் வாசிப்புக்கு உள்ள இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்குக் கிரியாட்டினின் ஏறுகிறது. ஊசி செலுத்தி, நூலிழை போன்ற திசுத் துணுக்கு எடுக்கிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் குழல்களுக்கு இடையே நிணநீர்ச் செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. வந்த உறுப்பை அந்நியம் என்று உடல் தாக்குவதால் அவை கூடியிருக்கலாம், அது நிராகரிப்பு. கட்டுமீறிப் பெருகும் நிணநீர்ப் புற்றின் தொடக்கமாகவும் இருக்கலாம். நிராகரிப்பு என்றால் மீதைல்பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டை ஏற்றி எதிர்ப்பாற்றலை இன்னும் அடக்க வேண்டும். புற்று என்றால் அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்தபோது இவ்வகைக் கட்டிகள் சில கரைந்துபோனதைத் உறுப்புமாற்று அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்சல் குழுவினர் 1984இல் எழுதினர். பிழையாக வாசித்தால், நோயாளியைக் காக்கக் கொடுக்கும் மருந்தே புற்றுக்குத் தீனியாகிவிடும்.

கனடாவின் பான்ஃப் நகரில் 1991இல் நிபுணர்கள் கூடி வகுத்த அளவுகோலை இன்று உலகமே பின்பற்றுகிறது. குழலின் குறுக்குவெட்டு ஒன்றுக்குள் 1 முதல் 4 நிணநீர்ச் செல்கள் புகுந்திருந்தால் முதல் படி, 5 முதல் 10 என்றால் இரண்டாம் படி, அதற்கு மேல் மூன்றாம் படி. குழலைச் சுற்றிய அடிச்சவ்வு செந்நீலக் கோடாகத் தெரியும்படி சாயமேற்றி, கோட்டைத் தாண்டி உள்ளே வந்த கருநீலப் புள்ளிகளை எண்ண வேண்டும். பொறுமை கேட்கும் வேலை. ஆனால் இந்த எண்ணிக்கை மட்டும் புற்றை விலக்கிவிடாது. பாத்தி பாத்தியாகச் செல்கள் பரவியிருக்கின்றனவா, உட்கருக்கள் பெருத்துக் கோணியிருக்கின்றனவா, டி செல்கள் மிகுதியா பி செல்கள் மிகுதியா, இப்புற்றோடு தொடர்புடைய எப்ஸ்டீன்-பார் வைரஸின் தடம் உள்ளதா என்று தனியே தேட வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தச் சிக்கல் வேறு வாசல் வழியாகவும் வருகிறது. விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் ஒரு கூலித் தொழிலாளி, மாற்றுச் சிறுநீரகம் பெற்ற சில ஆண்டுகளில், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, சாயங்காலம் காய்ச்சலடிக்கிறது என்று வந்தால், நம் மண்ணில் முதல் சந்தேகம் காசநோய்தான். அந்தச் சந்தேகம் நியாயமானது. திசு ஆய்வு செய்யாமலே மருந்தைத் தொடங்குவதுதான் ஆபத்து. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்துவிடும். ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு சரிந்ததைக் கவனித்து ஈடுசெய்யாவிட்டால், உண்மையான நிராகரிப்பே தொடங்கலாம். கழுத்தில் இருந்தது புற்றாக இருந்தால், ஒரே உடம்பில் இரண்டு நோயும் சேர்ந்துகொள்கின்றன. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்குக் கேடு.

இந்தியரில் பெரும்பாலோர்க்குச் சிறுவயதிலேயே எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிவிடுகிறது, முன்பு தொற்றாதவருக்கே இப்புற்றின் அபாயம் மிகுதி, ஆகவே இங்கே இவ்வளவு கவலை வேண்டாம் என்று வாதிடலாம். வாதத்தின் முற்பாதி சரி. ஆனால் அறுவைக்குப் பல ஆண்டு கழித்துத் தோன்றும் இவ்வகைப் புற்றுகளில் கணிசமானவற்றில் அந்த வைரஸே இருப்பதில்லை. எனவே வைரஸ் சோதனை எதிர்மறையாக வந்தது என்பதற்காகப் புற்று இல்லை என்று எழுதிவிட முடியாது. எல்லாத் துணுக்குக்கும் எல்லாச் சோதனையும் செய்யச் செலவு தாங்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். செல்கள் பாத்தியாகப் பரவியிருந்தாலோ, பி செல்கள் மிகுந்திருந்தாலோ, ஸ்டீராய்டுக்கு நிராகரிப்பு மசியாவிட்டாலோ, அடுத்த கட்ட மருந்துக்குப் போகுமுன் அச்சோதனைகளைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் வாதம்.

இச்சோதனைகளுக்காகப் போவதென்றால், கம்பத்திலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. ஆனால் ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த திசு அறை வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் கெடாது. மேற்சொன்ன சாயங்களையும் வைரஸ் சோதனையையும் அதிலிருந்தே செய்யலாம். நோயாளி அலைய வேண்டியதில்லை, மெழுகுக் கட்டி போனால் போதும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியில், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரின் கழுத்து நெறியை ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், முழுதாக எடுத்து மெழுகில் பதிக்க வேண்டும். அந்த மெழுகுக் கட்டி மதுரைக்கோ சென்னைக்கோ வேலூருக்கோ போய், அறிக்கை சில நாட்களில் திரும்பி வரும் நிலையான ஏற்பாட்டை மருத்துவக் கல்வி இயக்ககம் செய்து தர வேண்டும்.