காளஹஸ்தியில் சமூக வலைத்தளத் தொடர்பு

சமூக வலைத்தளம் என்பது, ஒருவர் தம் பெயரால் ஒரு பக்கத்தை அமைத்துக்கொண்டு, தமக்கு அறிமுகமானவர்களின் பக்கங்களோடு அதை இணைத்து, அவ்விணைப்பின் வழியாக அவர்களுக்கு அறிமுகமானவர்களையும் கண்டு பழகுவதற்கு இடமளிக்கும் இணையச் சாதனமாகும். சிநேகிதர், உறவினர் ஆகியோரோடு அளவளாவுவதற்கென்று தோன்றிய இச்சாதனம், தொழில் புரிவோர் வாடிக்கையாளரையும் வேலை தேடுவோர் வேலை தருவோரையும் அடையும் பாதையாகவும் நாளடைவில் விரிந்தது. அவ்விரு பயன்களும் ஒரே ஊரில் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதைக் காண விரும்புவோருக்கு ஸ்ரீகாளஹஸ்தி தக்க உதாரணமாகும். ஸ்வர்ணமுகி நதிக்கரையில், திருப்பதிக்குக் கிழக்கே சுமார் 36 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூர், தேவாரத்தில் திருக்காளத்தி என்று போற்றப்பட்ட வாயு ஸ்தலம். கண்ணப்பர் தம் கண்ணை இடந்து அப்பிய க்ஷேத்திரம். நெடுங்காலம் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த இது, 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி முதல் புதிய திருப்பதி ஜில்லாவில் அடங்குகிறது. கோயிலுக்கு அடுத்தபடியாக ஊருக்குப் பிரசித்தியைத் தேடித் தந்தது கலம்காரி என்னும் துணி ஓவியம். இக்கட்டுரையும் பெரும்பாலும் அதைச் சுற்றியே செல்லும்.

இத்தளங்களின் பொது வரலாறு சுருக்கமானது. 1997-இல் அமெரிக்காவில் தோன்றிய சிக்ஸ்டிகிரீஸ் என்பதை இவற்றுள் முன்னோடியாகக் கூறுவர். 2003-இல் தொழில்முறைத் தொடர்புகளுக்கென்றே லிங்க்ட்இன் வந்தது. 2004-இல் ஆர்க்குட்டும் ஃபேஸ்புக்கும் பிறந்தன; அவற்றுள் ஆர்க்குட் நம் நாட்டு இளைஞரிடையே முதலில் பரவி, 2014-இல் மூடப்பட்டது. வாட்ஸ்அப் 2009-இலும் இன்ஸ்டாகிராம் 2010-இலும் தொடங்கின. ஆயினும் காளஹஸ்தி போன்ற சிற்றூர்களைப் பொறுத்தவரை மெய்யான ஆரம்பம் 2016 செப்டம்பர் மாதமேயாகும். அப்போது வந்த ஜியோ சேவையும் அதை ஒட்டி எழுந்த போட்டியும் இணையக் கட்டணத்தைப் பெரிதும் இறக்கிவிட, அதுகாறும் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்துப் பார்த்ததைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பார்க்கும் நிலைமை எளியவர்க்கும் கிட்டியது.

அறிமுகமானவருக்கு அறிமுகமானவர் என்னும் உறவுக்கு இத்துணை வலிமை எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வியைச் சமூகவியலார் இத்தளங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே எழுப்பினார்கள். ஸ்டான்லி மில்கிராம் என்னும் அமெரிக்க உளவியலார் 1960-களில், தம் நாட்டின் ஒரு மூலையில் இருந்த சாமானியர்களிடம் உறைகளைக் கொடுத்து, தாம் குறிப்பிட்ட ஓர் அந்நியருக்கு அவற்றைத் தெரிந்தவர் கை மாற்றியே சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொண்டார். சேர்ந்தவை ஏறக்குறைய ஐந்து ஆறு கைகள் மாறியே சேர்ந்தன என்பதை உலகம் வியந்து பேசிற்று. பெரும்பாலான உறைகள் சேராமலே நின்றுவிட்டன என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 1973-இல் மார்க் கிரானோவெட்டர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை இன்னும் நுட்பமானது. வேலை கிடைத்தவர்களுக்கு அச்செய்தியைச் சொன்னவர்கள் நெருங்கிய நண்பர்களைவிட எப்போதோ சந்திக்கும் பரிச்சயக்காரர்களாகவே அதிகம் இருந்தார்கள் என்றும், நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் முன்பே தெரிந்திருக்குமாதலால் புதிய செய்தி தொலைவிலிருந்தே வந்தாக வேண்டும் என்றும் அவர் நிரூபித்தார். கலம்காரி வரைபவருக்கு இக்கருத்து மிகவும் பொருந்துகிறது. அண்ணன், மைத்துனன், அடுத்த வீட்டுக்காரர் ஆகிய அனைவரும் அதே தொழிலில் இருந்து, அதே வியாபாரியிடம் அதே விலைக்கு விற்பவர்களாயின், அவர்களுடைய அன்பு எத்துணை ஆழமானதாயினும் அதிலிருந்து ஒரு புதிய வாடிக்கையாளர் பிறக்க வழியில்லை.

தெலுங்கில் விரதபனி என்றும் வழங்கிய இக்கலையின் செய்முறையை அறிந்தாலன்றி, வலைத்தளம் அதற்குச் செய்த அனுகூலமும் செய்ய இயலாமற்போனதும் விளங்கா. கஞ்சி நீக்கிய பருத்தித் துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப் பாலில் நனைத்து உலர்த்துவார்கள்; பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கிறது. புளியங்குச்சிக் கரியால் முதற்கோடு இட்டபின், நுனியில் கம்பளி நூல் சுற்றிய கலம் என்னும் மூங்கில் எழுதுகோலைக் கசிமியில் தோய்த்து அக்கோட்டின்மேல் வரைவார்கள். கசிமி என்பது இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்துப் புளிக்கச் செய்த கரைசல். அதிலுள்ள இரும்பு, துணியில் ஏறியிருக்கும் கடுக்காயின் துவர்ப்போடு கூடும்போதுதான் கறுப்பு பிறக்கிறது. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரம் பூசி, ஓடும் நீரில் அலசி, மஞ்சிட்டி முதலிய வேர்களோடு கொதிக்க வைப்பார்கள். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் தனித்தனியே மறுபடியும் அலசல், மறுபடியும் வெயில். ஒரு பெரிய திரை முடிய வாரங்கள் செல்லும். இவ்வளவு பாடும் பட்டவரின் பெயர் துணியில் இராது. வாங்குபவர் ஊரின் பெயரை அறிவார், கடையின் பெயரை அறிவார், வரைந்த கையை அறியார்.

இந்தப் பிரிவினையைக் குறைப்பதற்கு முயன்றவர்கள் வலைத்தளக்காரர்களுக்கு முன்பும் இருந்தார்கள். நலிந்து கிடந்த கலையை மீட்பதற்குக் கமலாதேவி சட்டோபாத்யாயா எடுத்த முயற்சியால், அகில இந்திய கைவினைப் பொருள் வாரியத்தின் ஆதரவில் 1950-களின் பிற்பகுதியில் காளஹஸ்தியில் ஒரு பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது; ஜொன்னலகட்ட லக்ஷ்மய்யா அங்கே ஆசானாக விளங்கினார். அவருடைய புதல்வர் குரப்ப செட்டி 2008-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பின்னாளில் அனிதா ரெட்டி தொடங்கிய துவாரகா என்னும் அமைப்பு பெண்கள் பலரை இத்தொழிலில் சேர்த்துவிட்டது. இவர்கள் நடத்திய கண்காட்சிகளும் டெல்லி ஹாட், சூரஜ்குண்ட் போன்ற சந்தைகளும் கைவினைஞர் வாங்குபவரை நேருக்கு நேர் சந்திக்கும் இடங்களாயின. அங்கே ஸ்டால் போட்டவர்கள் வந்தவர்களின் விலாசத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாங்கி, மறு வருஷம் அதே ஊருக்குப் போகும்போது கார்டு போடுவது வழக்கம். வலைத்தளம் என்று இன்று நாம் சொல்லுவதன் வித்து அந்த நோட்டுப் புத்தகத்தில் இருந்தது என்றே கருதுகிறேன்.

2020 மார்ச்சு 25-ஆம் தேதி நாடெங்கும் ஊரடங்கு வந்ததும் கண்காட்சிகள் நின்றன, யாத்திரிகர்களும் வரவில்லை, துணி வீட்டில் தேங்கியது. தொலைபேசியைப் பேசுவதற்கு மட்டும் உபயோகித்துவந்த கைவினைஞர் பலர் நாடு முழுவதும் அதைக் கடையாக்கிக்கொண்டது இக்காலத்திலேதான். காளஹஸ்தியிலும் அதன் பின் நிலைத்துவிட்ட முறையில் இரண்டு தளங்களுக்கு இரண்டு வேலைகள் அமைந்திருக்கின்றன. இன்ஸ்டாகிராம் தெருவைப் பார்த்த திண்ணை போன்றது. போகிற வருகிற அந்நியர் யாவரும் எட்டிப் பார்க்கலாம். வாட்ஸ்அப் உள்வீடு; பரிச்சயமானவர் மட்டுமே அங்கே வருவர். முன்னதில் வெளியிடும் ரீல்ஸில், முடிந்த புடவையைவிட வரையும் கையே அதிகம் மனத்தைக் கவர்கிறது. கம்பளி சுற்றிய பகுதியை விரல் அழுத்த, மை இறங்கி, ஒரே மூச்சில் மயிலின் கழுத்து வளைவதைக் கண்டவர், அதே உருவம் அச்சிட்ட துணியை அரை விலைக்குக் கண்டாலும் மறுபடி எளிதில் ஏமாறார். பார்த்தவர் விசாரித்தால் உரையாடல் வாட்ஸ்அப்புக்கு மாறுகிறது. அங்கே 2018-இல் வந்த வணிகப் பதிப்பில் கைவினைஞர் தம் சரக்கைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம். முன்பணம் யுபிஐ வழியே வருகிறது. கரிக்கோட்டுப் படத்தை அனுப்பிச் சம்மதம் கேட்டு, பிறகே மை தோய்க்கிறவர்களும் உண்டு. வாங்குபவர், தம் குலதெய்வத்தின் கதையையோ தம் பாட்டியின் பழைய புடவைக் கரையையோ வரைந்து தருமாறு கேட்பதற்கு இதனால் வழி பிறந்தது. இடைத்தரகர் அடியோடு மறைந்துவிடவில்லை. மொத்தமாகப் பணம் கொடுத்து, நூறு துணியை ஒருங்கே எடுத்துக்கொள்பவர் அவர் ஒருவரே. ஆனால் வேறு வழியில்லை என்ற நிலை மாறியபின் அவரோடு பேரம் பேசும் குரலும் மாறத்தானே செய்யும்?

படம் காட்டாதவையும் உண்டு. வேரிலும் பட்டையிலும் பிறந்த வர்ணம் வெயிலில் ஒன்றாகவும் விளக்கொளியில் வேறொன்றாகவும் தோன்றும். தொலைபேசியின் திரை அதைத் தன் இயல்புக்கேற்பக் கூட்டியோ குறைத்தோ காட்டும். செங்கல் நிறமாக இருக்கவேண்டிய சிவப்பு குங்குமமாகத் தெரிந்து, துணி கைக்கு வந்ததும் மனஸ்தாபம் உண்டாகிறது. அதைவிட முக்கியமானது வாசனை. புதிதாக முடிந்த கலம்காரியில் பாலும் கடுக்காயும் கலந்த ஒரு மணம் நிற்கும். பழகிய மூக்கு அதைக் கொண்டே அசலைத் தெரிந்துகொள்ளும். அந்த ஒரு சாட்சியை எந்தத் தளமும் இன்றுவரை ஏற்றிச் செல்லவில்லை. இக்குறைவே போலிச் சரக்குக்கு வாசல் திறக்கிறது: இயந்திரத்தில் அச்சான துணி, கலம்காரி என்ற பெயரோடு அதே தளத்தில், அதே அளவுப் படத்தில், அசலின் பக்கத்திலேயே நிற்கிறது. காளஹஸ்திக் கலம்காரி 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டில் இதன் உறவுக் கலையான கருப்பூர் கலம்காரிக்கு அது 2021-இல் கிட்டியது. அக்குறியீடு ஊர்ப் பெயரைப் பிறர் திருடாமல் காக்குமேயன்றி, ஒருவர் வெளியிட்ட படத்தைப் பார்த்து இன்னொருவர் அச்சடிப்பதைத் தடுக்கப் போதுமானதன்று. ஆகையால் அனுபவசாலிகள் புதிய உருவத்தை முழுதும் காட்டாமல் ஒரு மூலையை மாத்திரம் காட்டுகிறார்கள்.

தனி வாழ்வில் இத்தொடர்பு கொண்டுள்ள வடிவத்துக்கு ஆந்திர-தமிழ்நாட்டு எல்லைப்புறத்தின் வரலாறே காரணம். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணிப் பகுதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, சித்தூர் ஜில்லாவில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களிடையே ஒரு மாநில எல்லை புகுந்தது. பள்ளிக்கூடத்தின் மொழி மாறியதால், ஒரு தலைமுறைக்குப் பின் அத்தை மக்களும் மாமன் மக்களும் ஒருவர் எழுத்தை ஒருவர் படிக்க இயலாதவர்களானார்கள். பேச்சில் மட்டும் இரு மொழியும் நிலைத்தன. இப்படிப்பட்ட குடும்பத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் தெலுங்கும் தமிழும் ஆங்கில எழுத்திலேயே வருவதைக் கண்டு முகஞ்சுளிப்போர் உண்டு. எனக்கோ அது வருத்தமும் ஆறுதலும் ஒருங்கே தருவது; ஏனெனில் எழுத்து பிரித்துவைத்த உறவை, குரல் பதிவு என்னும் எளிய வசதி மீண்டும் சேர்த்திருக்கிறது. படிக்கத் தெரியாத பாட்டியும் பொத்தானை அழுத்திப் பேத்தியை விசாரிக்கிறாள்.

உத்தியோக நிமித்தமான தொடர்புக்கு இவ்வட்டாரத்திலும் லிங்க்ட்இன் வழியாகிறது. காளஹஸ்திக்கு அருகே ஏர்ப்பேட்டில், 2015-இல் தொடங்கிய திருப்பதி ஐ.ஐ.டி.யும் ஐசர் என்னும் அறிவியல் கல்வி நிலையமும் அமைந்துள்ளன. தடாவுக்கு அண்மையில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் இருக்கிறது. படிப்பை முடிக்கும் மாணவர் முன்பு படித்துப்போனவரைத் தேடி வணக்கம் சொல்லி வழிகாட்டக் கேட்பது கிரானோவெட்டர் கண்ட உண்மைக்கு நேரான உதாரணம்.

அபாயங்களைக் கூறாது விடுதல் தகாது. ராகு கேது பரிகார பூஜைக்காகப் பல மாநிலத்தவர் வரும் தலமாதலால், பூஜைக்கு ஏற்பாடு செய்து தருவதாக முன்பணம் கேட்கும் முகமறியாப் பக்கத்தை நம்புமுன் தேவஸ்தானத்தையே நேரில் விசாரித்தல் வேண்டும். பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்கலாம்; தாமதிக்குந்தோறும் மீட்பு கடினமாகும். தனிமனிதர் தகவலைக் காக்க 2023-இல் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தால் தீராத சிரமம் ஒன்றும் உளது: தளம் ஒரு கம்பெனியின் சொத்து, அதில் சேர்த்த நட்பும் வாடிக்கையும் அக்கம்பெனியின் விதிக்கோ அரசாங்கத்தின் ஆணைக்கோ கட்டுப்பட்டவை. 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதில் ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துவைத்த எளிய கலைஞர்கள் அவர்களுள் ஒருவரையும் மறுபடி அழைக்க வழியின்றி நின்றார்கள். வாங்குபவரின் தொலைபேசி எண்ணை அந்தப் பழைய நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்திருப்பவருக்கே அத்தகைய நஷ்டம் குறையும்.

காளஹஸ்தியின் கலைஞர் தம் வாடிக்கையாளருக்கு அடிக்கடி விளக்க நேரும் செய்தி இன்னொன்று. சாயம் ஏறிய துணியை அலசுவதற்கு ஓடும் நீர் வேண்டும். தேங்கிய நீரில் மிகுந்த நிறம் துணியிலேயே படிந்து கறையாகும். ஸ்வர்ணமுகியோ மழையை நம்பிய ஆறு; கோடையில் மணலாய்க் கிடக்கும், பெருமழையில் கலங்கி வரும். இரண்டு நாளில் பொருள் வந்து சேர்வதற்குப் பழகிவிட்ட நகரத்தார், முன்பணம் கொடுத்து மூன்றாவது வாரம் புடவை எங்கே என்று கேட்கும்போது, காலதாமதத்துக்குக் காரணமாக அவர்களுக்கு அனுப்பப்படுவது பெரும்பாலும் ஒரு புகைப்படம்: தண்ணீரில்லாத ஆற்றின் படம், அல்லது முழங்காலளவு நீரில் இருவர் இருபுறமும் பிடித்து நிற்க, நடுவில் விரிந்து மிதக்கும் துணியின் படம்.