கரடி தேடாத எருக்குழி

காவலூர் என்றதும் நம்மில் பலருக்கும் தொலைநோக்கிதான் நினைவுக்கு வரும். ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரை வானாய்வுக்கென்று தேர்ந்தவர் வானியலாளர் வைணு பாப்பு. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு இங்குப் பணி தொடங்கிற்று. 1986-இல் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. நகர விளக்குகளின் ஒளி எட்டாத இருட்டுதான் இவ்வூரின் செல்வம். அதே இருட்டில்தான் இம்மலைக்காட்டின் கரடியும் இரைதேடப் புறப்படுகிறது.

காவலூரின் வானத்தைப் பற்றி எழுதியோர் பலர். இக்கட்டுரை அதன் தரையைப் பற்றியது; அதிலும் வீட்டுக் கொல்லையில் இருக்கும் எருக்குழியைப் பற்றியது. கரடி உலவும் மலையில் வீட்டுக் குப்பையை எப்படி மக்க வைப்பது என்ற கேள்வி புதியதாகத் தோன்றலாம். அதற்கு நம் முன்னோரிடம் ஒரு விடை இருந்தது. அது எப்படி நம் கையைவிட்டுப் போயிற்று என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

எண்கும் குரும்பியும்

சங்கப் புலவர்கள் கரடியை 'எண்கு' என்றனர். அகநானூற்றில் எண்கு வரும் இடங்களில் பெரும்பாலும் அது இரண்டு வேலைகளில் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்: இருப்பைப் பூவைத் தின்னும், அல்லது நள்ளிரவில் புற்றை இடிக்கும். புற்றில் அது தேடும் பொருளுக்குக் 'குரும்பி' என்று பெயர். புற்றாஞ்சோறு என்று பிற்காலத்தார் சொன்னதும் இதனையே.

இந்தப் புற்றாஞ்சோறு என்ன என்பதை இன்றைய உயிரியல் விளக்குகிறது. நம் நாட்டில் புற்றெழுப்பும் கறையான்களில் பல, உலர்ந்த இலையையும் மரத்தையும் அரைகுறையாகச் செரித்துக் கழித்து, அதனைக் கடற்பஞ்சு போன்ற அடைகளாக அடுக்கி, அதன்மேல் ஒருவகைப் பூஞ்சையை வளர்க்கின்றன. பூஞ்சை அதை மக்கச் செய்கிறது. மக்கியதைக் கறையான் உண்கிறது. அதாவது, மனிதன் எருக்குழி வெட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே காட்டில் எருக்குழி இருந்தது. அதை இடித்துத் தின்பதற்கென்றே உடலமைந்த விலங்கு நம் கரடி. நீண்டு வளைந்த நகங்கள். மேல்வரிசையின் நடுவில் இரு வெட்டுப்பற்கள் இல்லாமையால் உண்டான இடைவெளி. அந்த இடைவெளி வழியே கறையானை உறிஞ்சும் ஓசை நெடுந்தொலைவு கேட்கும். 1791-இல் இதற்கு அறிவியல் பெயரிட்ட ஆங்கிலேயரான ஜார்ஜ் ஷா, நகங்களைக் கண்டு மயங்கி, தென்னமெரிக்காவில் மரத்தில் தொங்கும் அசமந்த விலங்கான 'ஸ்லாத்' இனத்தில் இதைச் சேர்த்துவிட்டார். அந்தக் குழப்பத்தின் எச்சம்தான் 'ஸ்லாத் பேர்' என்று இன்றும் வழங்கும் ஆங்கிலப் பெயர்.

ஆகவே, மண்ணை மூடிவிட்டால் கரடி வாராது என்று எண்ணுதல் வீண். பாறைபோல் இறுகிய புற்றையே பிளக்கும் நகங்களுக்குக் கொல்லைமண் எம்மாத்திரம்?

கழுநீர்த் தொட்டி

அப்படியாயின், கரடிக்காட்டின் ஓரத்தில் வாழ்ந்த நம் முன்னோர் எருக்குழி இல்லாமலா இருந்தனர்? இல்லை. உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்று வள்ளுவரே உழவு அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். எருவின்றி நம் வேளாண்மை இல்லை.

விடை, எருக்குழிக்கு முன்னால் நின்ற கழுநீர்த் தொட்டியில் இருக்கிறது. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், மீந்த சோறு ஆகிய யாவும் அந்தத் தொட்டியில் விழுந்து மாட்டின் வயிற்றுக்குப் போயின. சிந்தியதைக் கோழி கொத்திற்று. எஞ்சியதை நாய் தின்றது. குப்பைமேட்டுக்குப் போனவை சாணம், அடுப்புச் சாம்பல், சருகு, மாடு தின்று கழித்த தட்டை, வாசல் பெருக்கிய மண் ஆகியவையே. இவற்றில் கரடியை இழுக்கும் இனிப்போ எண்ணெயோ இல்லை. உணவாகக் கூடியது எதுவும் உணவாகாமல் குழிக்குப் போகவில்லை. கரடிக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடன்று இது, சிக்கனத்தால் விளைந்தது. ஆயினும் காவல் அதனால் தானே அமைந்தது.

இந்தூரும் பெங்களூரும்

இந்தக் குப்பைமேட்டைத்தான் அறிவியல் பின்னாளில் முறைப்படுத்திற்று. 1905-இல் இந்தியா வந்த ஆல்பர்ட் ஹோவர்ட், 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிர் ஆய்வு நிலையத்தை நடத்தினார். நம் உழவரிடமும், எஃப். எச். கிங் என்ற அமெரிக்கர் 1911-இல் நூலாக்கிய சீன உழவரின் வழக்கத்திலும் கற்றவற்றைக் கொண்டு 'இந்தூர் முறை'யை வகுத்தார். யஷ்வந்த் வாட் என்பாருடன் சேர்ந்து 1931-இல் அதை நூலாக வெளியிட்டார். செடிகொடிக் கழிவு, சாணம், மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, காற்றோட்டத்துக்காகப் புரட்டிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் எரு கிடைக்கும். அடுப்படிக் கழிவுக்கு இதில் முதன்மையான இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1939-இல் சி. என். ஆச்சார்யா உருவாக்கிய 'பெங்களூர் முறை' வேறு தேவைக்குப் பிறந்தது. நகரக் குப்பையும் மலக்கழிவும் குவியும் ஊர்களுக்கானது அது. பள்ளத்தில் அடுக்கடுக்காக இட்டு, மேலே மண்ணால் மூடி, புரட்டாமல் ஆறிலிருந்து எட்டு மாதம் விட்டுவிட வேண்டும். ஈயையும் நாற்றத்தையும் அந்த மண்மூடி தடுத்தது. கரடி அந்தக் கணக்கில் இல்லை. பெங்களூர்க் குப்பைக்கு அது தேவையும் இல்லை.

இன்று வீடுதோறும் தொட்டி வைக்கச் சொல்கின்றனர். மாடு வீட்டைவிட்டுப் போயிற்று; கழுநீர்த் தொட்டியும் போயிற்று; மாட்டுக்குப் போனதெல்லாம் குழிக்கு வந்து சேர்ந்தது. நகரத்தில் இதனால் தீங்கில்லை. காட்டோரத்தில் இது கரடிக்கு வைத்த விருந்து.

குப்பையின் ருசி

விருந்துக்குப் பழகிய கரடி என்னாகும் என்பதற்கு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா சான்று. அங்கு விடுதிக் குப்பையைக் கொட்டிய இடத்தில் கரடிகள் உண்பதைக் காண இருக்கைகளே போட்டிருந்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்த வேடிக்கை நின்றது. குப்பை கொட்டுவது நிற்கவில்லை. 1970-ஐ ஒட்டிக் குப்பைமேடுகளைச் சட்டென்று மூடினர். படிப்படியாக மூடுங்கள் என்று கிரெய்க்ஹெட் சகோதரர்கள் சொன்னது ஏற்கப்படவில்லை. உணவிழந்த கரடிகள் முகாம்களுக்குள் புகுந்தன, பல கொல்லப்பட்டன. 1975-இல் அங்குள்ள பழுப்புக் கரடி அழிவின் விளிம்பை நெருங்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. குப்பையைக் கொட்டியவர் மனிதர். உயிரைக் கொடுத்தது கரடி.

நம் நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் கரடி தேயிலைத் தோட்டம் கடந்து ஊருக்குள் வருவதும், கோயில் விளக்கெண்ணெயைக் குடிப்பதும், பள்ளிச் சத்துணவுக் கூடத்தின் கதவை உடைப்பதும் அடிக்கடி வரும் செய்திகள். குட்டிகள் இரண்டாண்டுக்கு மேலும் தாயுடன் திரிபவை. தாய் கண்டறிந்த வழியைக் குட்டியும் கற்கும். ஒரு வீட்டுக் குழியின் ருசி இப்படித்தான் ஒரு தலைமுறைக்குப் பரவுகிறது. இதில் மனிதருக்கும் ஆபத்து மிகுதி. எதிர்பாராமல் அருகில் மனிதரைக் கண்டால் இக்கரடி ஓடுவதைவிடத் தாக்குவதே பெரும்பான்மை.

காவலூருக்கு ஏற்ற வழி

விளக்குப் போட்டு விரட்டலாமே என்பது சமவெளி யோசனை. கொல்லைதோறும் பெருவிளக்கு எரிந்தால் காவலூர் தன் இருட்டை இழக்கும். வானாய்வு இங்கு வந்த காரணமே கெடும். வெளிச்சத்தை நம்பாத வழியே இவ்வூருக்குத் தேவை. பழைய வழி அத்தகையது.

மாடு, ஆடு, கோழி உள்ள வீட்டார் உண்ணத்தக்க கழிவை அன்றன்றே அவற்றுக்கு இட்டுவிடுவது முதல் வேலை. அவை இல்லாதோர் அதைக் குழியில் போடாமல், இறுக மூடும் உலோகப் பீப்பாயில் சருகோடு சேர்த்து, இரவில் பூட்டிய அறைக்குள் வைக்கலாம். பலாச்சுளையின் சக்கை, சீத்தாப்பழத் தோல், மாங்கொட்டை, தேனடை, எண்ணெய் பட்டது, மீன், இறைச்சி ஆகியவற்றைத் திறந்த குழிக்கு ஒருபோதும் காட்டலாகாது. குழிக்குச் சருகு, சாணம், சாம்பல், சாமைத் தட்டை, களைச்செடி ஆகியவை போதும். குழியை உண்ணிச்செடிப் புதரை ஒட்டி வெட்டாமல், தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும் வெட்டவெளியில் வெட்ட வேண்டும். அந்தி சாய்ந்தபின் அங்குப் போகாதிருப்பது நல்லது.

நண்பர்களே, இவற்றில் புதுமை ஏதுமில்லை. ஹோவர்ட் நம் உழவரிடம் கற்றதும் ஏறக்குறைய இதுவே. குப்பையைப் பிரிப்பது என்று இன்று நாம் சொல்வதற்கு நம் பாட்டிமார் வைத்திருந்த இலக்கணம் எளியது: தின்னக்கூடியது தொட்டிக்கு, தின்னக்கூடாதது குழிக்கு. மலையூர்களில் அந்த இலக்கணம் மீண்டும் நடைமுறைக்கு வந்தால், எண்கு தன் குரும்பியைத் தேடிக் காட்டுக்குள்ளேயே இருக்கும்.