ரத்தத்தில் வருவதை ஊசி தடுக்குமா?

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் காபி கொண்டுவந்து வைத்த மருமகள் போகாமல் அப்படியே நின்றாள்.

"மாமா, பாப்பாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தடுப்பூசி போடச் சொல்றாங்க. பெரியத்தைக்கு அந்த நோய் வந்துதுன்னு அவரு சொன்னாரு. ரத்தத்துலயே இருக்கறத ஊசி போட்டுத் தடுக்க முடியுமா?"

உடனே பதில் சொல்ல வரவில்லை. "ரெண்டு நாள் பொறும்மா, சொல்றேன்" என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சு வந்திருக்கும், அல்லது வரும்.

அந்தப் பெரியத்தை என் அக்கா. 1971-ல் அரசு வேலை கிடைத்துப் புதுச்சேரியிலிருந்து பட்டணம் வந்தபோது, புளியந்தோப்பில் ஆடுதொட்டிப் பக்கம் இருந்த அவள் வீட்டில்தான் தங்கினேன். அத்தான் பின்னி மில்லில் தறி ஓட்டினார். அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது வயது 16. முப்பதுக்குள் ஐந்து பிள்ளைகள். 1983-ல் அவளுக்கு உதிரப்போக்கு ஆரம்பித்தது. நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று பல மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் முற்றியிருந்தது. அடுத்த வருஷம் போய்விட்டாள். 44 வயது.

அவள் போன பிறகு இரண்டு பேச்சு கிளம்பியது. தெருவில் சிலர் அவள் ஒழுக்கத்தைப் பற்றிக் குசுகுசுத்தார்கள். வீட்டில் எங்கள் அம்மா, "எங்க பெரியம்மாவும் இப்படித்தான் போனா, இது நம்ம ரத்தத்துல இருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டார். இந்த இரண்டும் சேர்ந்து அக்கா மகளுக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தம் தட்டிப்போனது. நாற்பது வருஷமாக எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் அது.

முதலில் தெருப்பேச்சை எடுத்துக்கொள்வோம். 1842-ல் இத்தாலியில் வெரோனா நகரத்து மரணப் பதிவேடுகளை ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர் புரட்டிப் பார்த்தார். கன்னிகாஸ்திரிகளுக்கு இந்த நோய் அபூர்வம், குடும்பப் பெண்களுக்கு அதிகம் என்று கண்டார். தாம்பத்தியத்தோடு ஏதோ தொடர்பு உண்டு என்பது அப்போதே தெரிந்தது. அந்த ஏதோ ஒன்று ஒரு வைரஸ் என்பதை ஜெர்மனியில் ஹெரால்ட் சுர் ஹவுசனின் குழு நிலைநாட்டியது. எச்.பி.வி. என்ற வைரஸின் 16-ஆம் வகையை 1983-லும் 18-ஆம் வகையை 1984-லும் இந்தப் புற்றுக்கட்டிகளில் கண்டுபிடித்தார்கள். எங்கள் அக்கா படுத்த படுக்கையாக இருந்த அதே காலம்! 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வைரஸ் சளி, காய்ச்சல் போல அவ்வளவு சகஜமானது. குடும்ப வாழ்க்கையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு காலத்தில் தொற்றும். புருஷன் ஒருவனை மட்டுமே அறிந்த பெண்ணுக்கும் வரும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் தானாகவே மறைந்தும் போகும். இதில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? தெருப்பேச்சு அத்தோடு தீர்ந்தது.

எல்லோருக்கும் தொற்றுகிற வைரஸ் சிலருக்கு மட்டும் ஏன் போகாமல் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றாகிறது? அம்மா சொன்ன 'ரத்தம்' இங்கேதான் வருகிறது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1980-ல் ழான் தொசே என்ற பிரெஞ்சு மருத்துவருக்கு நோபல் பரிசு வந்தபோது அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்தில் பிரெஞ்சுப் பத்திரிகையில் பெருமையோடு வாசித்தேன். பாரிஸில் ரத்த மாற்று சிகிச்சைத் துறையில் இருந்தவர் அவர். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளின் சீரத்தில், வேறு சிலருடைய வெள்ளை அணுக்களைத் திரண்டுபோகச் செய்யும் பொருள் இருப்பதைக் கண்டார். சிவப்பணுவுக்கு ஏ, பி, ஓ என்று பிரிவு இருப்பதுபோல வெள்ளை அணுவுக்கும் பிரிவுகள் உண்டு என்று 1958-ல் எழுதினார். இன்று எச்.எல்.ஏ. என்கிறோமே, அதன் ஆரம்பம் அதுதான்.

அது என்ன வேலை செய்கிறது? குமாஸ்தாவாக முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் பாஷையில் சொல்கிறேன். உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஒரு ஆபீஸ். உள்ளே வைரஸ் புகுந்தால், அதன் புரதத்தில் ஒரு துண்டை எடுத்து வாசலில் நீட்டிக் காட்டுவது எச்.எல்.ஏ. என்ற குமாஸ்தா. ரோந்து வரும் வெள்ளை அணு அதைப் பார்த்து நடவடிக்கை எடுக்கும். ஆனால் எல்லாக் குமாஸ்தாக்களுக்கும் எல்லாத் துண்டும் கைக்குப் பிடிபடாது. ஒருவருக்கு ஒரு வைரஸின் துண்டு நன்றாகப் பிடிபடும், இன்னொருவருக்கு நழுவும். யாருக்கு எந்தக் குமாஸ்தா என்பது அப்பா அம்மாவிடமிருந்து வருவது.

1991-ல் ஜெர்மனியில் ஒரு ஆய்வு, டி.கியூ.3 என்ற எச்.எல்.ஏ. வகை உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் அதிகம் வருவதாகச் சொன்னது. டி.ஆர்.13 என்ற வகை பாதுகாப்பு தருகிறது என்று பிறகு வந்த பல ஆய்வுகள் காட்டின. 1999-ல் ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளைப் பார்த்தவர்கள், நோயாளியின் பெற்ற தாய்க்கும் உடன்பிறந்த சகோதரிக்கும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு, தத்து உறவில் அப்படி இல்லை என்று கண்டார்கள். ஆக, எங்கள் அம்மா சொன்னது முழுப் பொய் இல்லை.

ஆனால் முழு உண்மையும் இல்லை. அதற்குச் சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்த வேதனையில் பிறந்த எண்ணம்தான் 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையாக ஆரம்பித்தது. அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் செய்த பெரிய காரியங்களில் ஒன்று வெளியில் அதிகம் தெரியாது. சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடுதான் அது. 1982 முதல் நகரத்தில் யாருக்கு எந்தப் புற்றுநோய் என்று அதில் ஏறுகிறது. பதிவேட்டு ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் கேஸ் ஷீட் பார்த்துக் குறித்து வருவார்கள். மாநகராட்சியின் மரணப் பதிவோடும் ஒத்துப் பார்ப்பார்கள். அந்த உழைப்பின் அருமை என்னைப் போன்ற குமாஸ்தாவுக்குத் தெரியும். எங்கள் அக்காவும் அதில் ஒரு வரியாக இருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

பதிவேடு தொடங்கிய காலத்தில் சென்னைப் பெண்களுக்கு வரும் புற்றுநோயில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான் முதலிடம். இன்று அதன் விகிதம் அன்று இருந்ததில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. முதலிடத்துக்கு மார்பகப் புற்றுநோய் வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். நாற்பது வருஷத்தில் ஓர் ஊரின் பரம்பரை மாறுமா? எச்.எல்.ஏ. அதே எச்.எல்.ஏ.தான். கல்யாண வயது கூடியது, ஐந்து பிள்ளை இரண்டாயிற்று, பெண்கள் படித்தார்கள், வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. ரத்தம் மாறாமலே நோய் பாதியாயிற்று.

திண்டுக்கல் மாவட்டம் இன்னொரு சாட்சி. பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அடையாறும் அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவமனையும் சேர்ந்து, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் வினிகர் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைச் செய்தன. கெட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். சோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் வெளியிட்டார்கள். 1983-ல் அக்காவுக்கு யாராவது இதைச் செய்திருந்தால் என்ற எண்ணம் வராமல் இருக்குமா?

மூன்றாம் நாள் மருமகளிடம் சொன்னேன்: "பரம்பரை கொஞ்சம் உண்டும்மா. ஆனா அக்காவுக்கு இருந்தது எனக்கும் இருக்கணும்னு இல்ல. கூடப்பொறந்தவங்களுக்கே முழுசா ஒத்துப்போக நாலுல ஒரு வாய்ப்புதான். எங்கிட்டருந்து உன் புருஷனுக்கு, அவன்கிட்டருந்து பாப்பாவுக்குன்னு வரவர இன்னும் பாதி பாதியாக் குறையுது. அதெல்லாம் வைரஸ் உள்ள வந்த பிறகு நடக்கற கதை. ஊசி அதை வாசல்லயே நிறுத்துது. வீட்டுல நோய் இருந்ததுங்கறது ஊசி போட இன்னொரு காரணம், போடாம இருக்கறதுக்கு இல்ல."

நம் நாட்டிலேயே தயாராகும் 'செர்வாவாக்' 2023 முதல் கிடைக்கிறது. 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இந்த ஊசி போடும் திட்டத்தை 2025-26 தமிழக பட்ஜெட்டிலும் அறிவித்தார்கள். ஊசி எல்லா வகை வைரஸையும் தடுக்காது. முப்பது வயதுக்கு மேல் சோதனையும் வேண்டும். அதை மருமகளுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

போன சனிக்கிழமை பேத்திக்கு முதல் ஊசி போட்டாயிற்று. கை வலிக்கிறது என்று அன்று முழுக்கப் பாடப் புத்தகத்தைத் தொடவில்லை. அக்கா மகளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கும் இப்போது பேத்தி இருக்கிறாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க போடறாங்க மாமா?" என்று கேட்டாள்.