கைக்கு ஏற்ற பந்து: டென்பின் பௌலிங்கில் ஒரு வழக்கம் உருவான விதம்

1895இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ், பந்தின் எடை 16 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. அன்றைய பந்து லிக்னம் வைட்டே என்ற இறுகிய மரத்தில் கடையப்பட்டது. 1905இல் எவர்ட்ரூ என்ற ரப்பர் பந்தும், 1914இல் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் மினரலைட்டும் வந்தன. பொருள் மாறினாலும் கேள்வி மாறவில்லை: எடை தாங்குமா, துளைகள் விரலுக்குப் பொருந்துமா? மற்றதையெல்லாம் ஆட்டக்காரரின் மணிக்கட்டுதான் செய்தாக வேண்டும்.

பந்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மேற்பூச்சின் வேதியியலைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். வீசுபவரின் கையை அளந்து, அதற்கேற்பப் பந்தைத் தேடும் வழக்கம் வந்ததே பெரிய மாற்றம் என்பது என் துணிபு.

அதன் முதல் தெளிவான அடையாளம் 1973. லேனைப் பற்றாத, வழுக்கலான பாலியெஸ்டர் பந்துகளைத் தொழில்முறை வீரர் டான் மெக்யூன் மெத்தில் எத்தில் கீட்டோன் கரைப்பானில் ஊறவைத்தார். மேல்தோல் இளகி லேனைப் பற்றியது. அவ்வாண்டில் ஆறு பட்டங்களும் ஆண்டின் சிறந்த வீரர் விருதும் அவருக்குக் கிடைத்தன. கடைப்பந்தைத் தன் வீச்சுக்குத் தக்கபடி ஒருவர் மாற்றிக்கொள்ள முடியும் என்று அவர் காட்டிவிட்டார். அதன் விளைவாகக் கடினத்தன்மைக்குக் கீழ்வரம்பு வந்தது. டூரோமீட்டர் டி அளவில் 72 என்பது நெடுங்காலம் நிலைத்தது.

ஊறவைத்துப் பெற்ற பிடிப்பை 1981இல் ஏஎம்எஃப் ஆங்கிள் என்ற யூரித்தேன் பந்து இயல்பாகவே தந்தது. 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் பந்து, லேனில் பூசிய எண்ணெயில் வழுக்கிச் சென்று, காய்ந்த பலகைகளில் கூர்மையாகத் திரும்பியது. பந்தின் உள்ளே இருக்கும் கருவும் அக்காலத்தில்தான் முக்கியம் பெற்றது. சமச்சீரற்ற கருக்களால் பெயர்பெற்ற பொறியாளர் மோ பினெல், துளையிடும் இடத்தையே கணக்காக்கினார். எடை மையத்திலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும் சுழல் ஆரம் குறைந்த பந்து சீக்கிரம் உருளத் தொடங்கும். கூடியது நெடுந்தூரம் வழுக்கிப் போகும்.

பொருத்தம் பார்ப்பது இங்கேதான் தொடங்குகிறது. வீசித் திரும்பிய பந்தைத் துடைக்காமல் பார்த்தால், அதன்மேல் எண்ணெய் வளையங்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, இரண்டு இடங்களில் மட்டும் வெட்டிக்கொண்டு கிடக்கும். விரல் துளைகளுக்கு அருகிலுள்ள முதல் வளையத்தின் மையமே அந்தக் கையின் சுழல் அச்சுப் புள்ளி. கடைக்காரர் அதைக் குறித்துக்கொண்ட பிறகே துளையிடுவார். வேகமாக வீசி, சுழற்சி குறைவாகக் கொடுப்பவருக்குச் சொரசொரப்பான மேற்பரப்பும் சீக்கிரம் உருளும் கருவும் உதவும். மெதுவாக வீசி அதிகம் சுழற்றுபவர் அதே பந்தை எடுத்தால் அது முன்கூட்டியே வலுவிழந்துவிடும். பின்களில் மோதும்போது உயிர் இருக்காது. விலை உயர்ந்த பந்தே நல்ல பந்து என்று வாங்குவோர் இதில்தான் ஏமாறுகிறார்கள். சுழற்சி குறைந்த, நேரான வீச்சைக் கொண்ட வால்டர் ரே வில்லியம்ஸ் ஜூனியர் 47 பட்டங்கள் வென்றிருக்கிறார் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

ஃபின்லாந்தின் ஓஸ்கு பாலெர்மாவும் ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மாண்டேவும் பரப்பிய இரு கை வீச்சு இந்தக் கணக்கை மறுபடி புரட்டியது. அவர்களது வழியில் வந்தவர்கள் கொடுக்கும் அபாரமான சுழற்சிக்கு, ரியாக்டிவ் பந்து சில லேன்களில் அளவுமீறித் திரும்பிவிடுகிறது. ஆகவே, காலாவதியானதாகக் கருதப்பட்ட யூரித்தேன் பந்து தொழில்முறை ஆட்டத்துக்குத் திரும்பியது. ஆனால் 2016, 2017ஆம் ஆண்டுகளில் தயாரான பர்ப்பிள் ஹேமர் யூரித்தேன் பந்துகளின் கடினத்தன்மை 72க்குக் கீழே இருந்ததால், பழைய அமைப்பின் வழிவந்த யுனைடெட் ஸ்டேட்ஸ் பௌலிங் காங்கிரஸ் 2022இல் அவற்றின் அனுமதியை ரத்துசெய்தது.