ஆசியச் சிவிங்கியின் வீழ்ச்சி: பிடிப்பும் நிலமும் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு காலத்தில் அரேபியத் தீபகற்பத்திலிருந்து இந்தியா வரை பரவியிருந்த ஆசியச் சிவிங்கி இன்று ஈரானில் மட்டுமே எஞ்சியுள்ளது. இந்தியாவில் அது அற்றுப்போனதை 1947இல் நிகழ்ந்த ஒரு வேட்டையோடு இணைத்துக் கூறுவது வழக்கம். அவ்வேட்டை நீண்ட வீழ்ச்சியின் இறுதிப் பதிவே தவிர அதன் காரணம் அன்று. அரசவைகளுக்காகக் காட்டு விலங்குகளைத் தொடர்ந்து பிடித்தமை, புல்வெளிகள் சுருங்கியமை ஆகிய இரண்டுமே அடிப்படைக் காரணங்கள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஈரானின் இன்றைய நிலையையும் இந்த நோக்கிலேயே அணுகுகிறது.

திறவுச்சொற்கள்: ஆசியச் சிவிங்கி, முகலாயர் வேட்டை, புல்வெளி, அற்றுப்போதல், ஈரான்

முன்னுரை

தமிழ் நாளிதழ்கள் சிவிங்கியைச் சில வேளைகளில் சிறுத்தை என்றே எழுதுகின்றன. இவ்விரண்டும் வெவ்வேறு விலங்குகள். சிறுத்தை மரமேறுவது; புதரிலும் பாறையிலும் பதுங்கி இரை பிடிப்பது; ஊரோரங்களிலும் பிழைத்துக்கொள்வது. சிவிங்கியோ மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கண்ணிலிருந்து வாய்வரை இறங்கும் கருங்கோடும் உடையது. திறந்த வெளியில் விரைந்தோடி இரையை வீழ்த்துவது. திறந்த வெளியும் அங்கு மேயும் மான்களும் இல்லாத இடத்தில் அதற்கு வாழ்வில்லை. சிறுத்தை எஞ்சி நிற்கச் சிவிங்கி மறைந்ததற்கான விளக்கத்தின் ஒரு பகுதி இவ்வேறுபாட்டிலேயே உள்ளது.

‘சீட்டா’ என்று உலகம் வழங்கும் பெயர், புள்ளியுடையது எனப் பொருள்படும் ‘சித்ரக’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. பெயர் பிறந்த நிலத்தில் அப்பெயருக்குரிய ஆசியச் சிவிங்கி இன்று இல்லை. 2011இல் வெளியான மரபணு ஆய்வொன்று, ஆசியச் சிவிங்கி தன் ஆப்பிரிக்க உறவினங்களிலிருந்து 32,000 முதல் 67,000 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிரிந்தது எனக் கணித்தது. எனவே, இங்குப் பேசப்படுவது எளிதில் வேறொன்றால் ஈடுசெய்ய இயலாத ஒரு தனிக்கிளை.

அரசவையும் பிடிகுழியும்

பழக்கிய சிவிங்கியைக் கொண்டு மான் வேட்டையாடும் முறையை, 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் காலத்தில் உருவான மானசோல்லாசம் குறிப்பிடுகிறது. முகலாயர் காலத்தில் இம்முறை ஒரு பெருந்துறையாக வளர்ந்தது. அபுல் ஃபசலின் அயினி அக்பரி, சிவிங்கிகளைக் குழி தோண்டிப் பிடித்த முறையையும், ஆழமான குழியில் விழுந்து அவற்றின் கால்கள் முறிந்தமையால் அக்பர் ஆழம் குறைந்த குழியை அமைக்கச் செய்ததையும் விவரிக்கிறது. முன்பு மாதக்கணக்கில் நீண்ட பயிற்சி, அக்பரின் கவனத்தால் 18 நாள்களில் முடிந்தது என்றும் அந்நூல் கூறுகிறது.

அக்பர் ஒரே நேரத்தில் 1,000 சிவிங்கிகளைத் திரட்டியிருந்தார் என்பது அவர் மகன் ஜஹாங்கீரின் நினைவுக்குறிப்பு தரும் செய்தி. அரசவை எண்களில் மிகைக்கு இடமுண்டு. ஆயினும், அதே குறிப்பில் இடம்பெறும் மற்றொரு செய்தி எண்ணிக்கையைவிட முதன்மையானது. அடைபட்ட சிவிங்கிகள் இணைசேர்வதில்லை. அவற்றை இணைசேர்க்க அக்பர் முயன்றும் பயனில்லை. ஜஹாங்கீர் காலத்தில் ஓர் ஆண் சிவிங்கி கழுத்துப்பட்டையிலிருந்து விடுபட்டுப் பெண்ணை நாடிச் சென்றது. மூன்று குட்டிகள் பிறந்தன. 1613ஆம் ஆண்டைச் சார்ந்த இந்நிகழ்ச்சியை வியப்புக்குரியது என்றே பேரரசர் பதிந்தார். மனிதர் காவலில் சிவிங்கி குட்டியீன்றதாக அறியப்படும் அடுத்த நிகழ்ச்சி 1956இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா விலங்குக்காட்சிச் சாலையில்தான் நடந்தது.

இதன் பொருள் தெளிவானது. யானையும் குதிரையும் போலச் சிவிங்கியைக் கொட்டிலில் பெருக்க இயலவில்லை. அரசவையில் இறந்த ஒவ்வொன்றுக்கும் ஈடாகக் காட்டிலிருந்து மற்றொன்றைப் பிடிக்க வேண்டியிருந்தது. தாயிடம் வேட்டை கற்றுத் தேர்ந்த, வளர்ந்த விலங்கையே பிடிப்போர் விரும்பினர். எனவே, காடு இழந்தவை பெரும்பாலும் இனப்பெருக்க வயதில் இருந்தவை. கொல்லும் நோக்கமின்றி, பேணும் விருப்பத்தோடு நிகழ்ந்த பிடிப்பும் கொலையின் விளைவையே தந்தது.

சென்னை ஆளுநரின் அன்பளிப்பு

சிவிங்கி ஓர் அரசுக் காணிக்கையாக மாறியதற்குச் சென்னையோடு தொடர்புடைய சான்று ஒன்றுண்டு. 1755 முதல் 1763 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜார்ஜ் பிகாட், பிரித்தானிய மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு சிவிங்கியை அளித்தார். 1764இல் வின்ட்சர் பூங்காவில் அதனை ஒரு கலைமான் மீது ஏவினர். மான் எதிர்த்து நின்று சிவிங்கியை விரட்டியது. ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் அச்சிவிங்கியையும் அதனுடனிருந்த இந்தியப் பராமரிப்பாளர் இருவரையும் வரைந்த ஓவியம் மான்செஸ்டர் கலைக்கூடத்தில் உள்ளது. வெளிமானை விரட்டும் சமவெளியில் ஒப்பற்ற வேட்டையாடியாக இருந்த விலங்கு, அயல்நிலப் பூங்காவில் காட்சிப்பொருளாயிற்று. அதன் ஆற்றல் நிலத்தோடு பிணைந்தது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

பரிசுத்தொகையும் தரிசு நிலமும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய நிருவாகம் தீங்கு விளைப்பவை எனக் கருதிய விலங்குகளைக் கொல்வோர்க்குப் பரிசுத்தொகை வழங்கியது. சிவிங்கியைக் கொன்றோரும் அதனைப் பெற்றனர். காட்டுச் சிவிங்கி மனிதரை வேட்டையாடும் விலங்கன்று. எனினும், அரசவையில் அணியாக மதிக்கப்பட்டது ஆவணத்தில் அழிக்கத்தக்கதாக மாறியது.

இதைவிட ஆழமான மாற்றம் நிலத்தில் நிகழ்ந்தது. வருவாய் நிருவாகத்தின் பார்வையில் மரமற்ற புல்வெளி, வரி தராத தரிசு. காட்டுக்கு ஒதுக்கீடு கிடைத்தது. வயலுக்குப் பாசனம் கிடைத்தது. புல்வெளிக்கு எதுவும் கிடைக்கவில்லை. உழவும் கால்நடை மேய்ச்சலும் விரிய, வெளிமானும் சிங்காராவும் குறைந்தன. இரை குறைந்த இடத்தில், ஏற்கெனவே பிடிப்பால் மெலிந்திருந்த சிவிங்கிக் கூட்டம் மீண்டெழ வழியில்லை.

சிவிங்கி வரலாற்றை விரிவாக ஆராய்ந்த திவ்யபானுசிங், 1918க்கும் 1945க்கும் இடையில் சுமார் 200 சிவிங்கிகள் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு இறக்குமதி செய்யப்பட்டதைக் காட்டியுள்ளார். பிடிப்பதற்கு உள்நாட்டில் விலங்கு கிட்டாத நிலையிலும் வேட்டைப் பொழுதுபோக்கு நிற்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. அவ்வகையில் 1947க்கு முன்னரே வீழ்ச்சி ஏறத்தாழ நிறைவுற்றிருந்தது.

1947: முடிவின் பதிவு

இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியா சமஸ்தானத்தின் மன்னர் ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் 1947இல் ஓர் இரவில் மூன்று ஆண் சிவிங்கிகளைச் சுட்டார். அச்செய்தி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் பதிவாயிற்று. 1952இல் இந்திய அரசு சிவிங்கி நாட்டில் அற்றுப்போனதாக அறிவித்தது. ஒரு பெயரும் ஓர் ஆண்டும் கிடைத்துவிட்டதால் பொறுப்பு முழுவதும் அத்துப்பாக்கி மீது சுமத்தப்பட்டது. எவர் பெயரும் தாங்காத பிடிகுழிகளும் உழப்பட்ட புல்வெளிகளும் நினைவிலிருந்து விலகின.

ஈரான்: இறுதிப் புகலிடம்

1970களில் ஈரானிலிருந்து சிவிங்கிகளைப் பெற இந்தியா மேற்கொண்ட பேச்சு, 1979 புரட்சிக்குப் பின் கைகூடவில்லை. புரட்சியை ஒட்டிய ஆண்டுகளில் ஈரானில் காட்டுயிர்ப் பாதுகாப்புத் தளர்ந்து, இரைமான்கள் பெருமளவு வேட்டையாடப்பட்டன. 1994இல் பாஃப்க் நகரருகே நீர்தேடி வந்த தாய்ச்சிவிங்கியின் குட்டிகள் தாக்கப்பட்டன. உயிர்தப்பிய மரீத்தா என்னும் குட்டி 2003 வரை தெஹ்ரானில் தனித்து வாழ்ந்தது. அதன் நினைவாக ஆகஸ்ட் 31 அங்குச் சிவிங்கி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

2001இல் ஈரான் சுற்றுச்சூழல் துறையும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் இணைந்து பாதுகாப்புப் பணியைத் தொடங்கின. ஆயினும், தெஹ்ரான்–மஷ்ஹத் நெடுஞ்சாலையின் அப்பாசாபாத் பகுதியில் சிவிங்கிகள் ஊர்திகளில் அடிபட்டு இறந்துள்ளன. மந்தைகளும் அவற்றுடன் வரும் நாய்களும் அவற்றின் வாழிடத்தை நெருக்குகின்றன. 2018இல், சிவிங்கியைக் கண்காணிக்கத் தானியங்கிக் கேமராக்களைப் பயன்படுத்திய ஆய்வாளர்கள் உளவுக் குற்றச்சாட்டில் கைதாகினர். களப்பணி பெரும் பின்னடைவைச் சந்தித்தது. 2022 தொடக்கத்தில் 9 ஆண்களும் 3 பெண்களுமாக 12 சிவிங்கிகளே நாட்டில் எஞ்சியுள்ளதாக அந்நாட்டு அதிகாரி ஒருவர் தெரிவித்தார்.

அதே ஆண்டு மே மாதம் தூரான் காப்பகத்தில், காவலில் இருந்த பெண் சிவிங்கி அறுவை முறையில் மூன்று குட்டிகளை ஈன்றது. இரண்டு சில வாரங்களுக்குள் இறந்தன. நாடே அன்பு காட்டிய பிரூஸ் என்னும் மூன்றாவது குட்டி, 2023 பிப்ரவரி 28 அன்று சிறுநீரகச் செயலிழப்பால் இறந்தது. ஜஹாங்கீர் பதிந்த பிறப்புக்கு நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும், காவலில் ஆசியச் சிவிங்கியைப் பெருக்குவது உறுதியான வழியாகவில்லை.

முடிவுரை

ஆசியச் சிவிங்கியின் வீழ்ச்சியில் பகையைவிட விருப்பமே நீண்டகாலம் செயற்பட்டுள்ளது. அரசவை அதனை விரும்பியது. அதன் நிலத்தை விரும்பவில்லை. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகளும் 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 சிவிங்கிகளும் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவை ஆப்பிரிக்கக் கிளையைச் சார்ந்தவை. ஆசியக் கிளையின் இழப்பை அவை ஈடுசெய்வதில்லை. எனினும், அவற்றின் எதிர்காலமும் இதே வினாவைச் சார்ந்தே அமையும்: புல்வெளியைத் தரிசு என்று எழுதும் வழக்கம் மாறுமா? ஈரானில் எஞ்சியுள்ளவற்றுக்குத் தேவைப்படுவதும் கூண்டைவிட, வேலியிட்ட சாலையும் இரைமான் நிறைந்த அச்சமற்ற வெளியுமே. 1947ஐ முடிவின் ஆண்டாக மட்டும் கற்பிக்கும் வரலாறு இப்பாடத்தை மறைத்துவிடுகிறது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளையும் சேர்த்துப் படிப்பதே ஆய்வின் கடமை.